மாயை என்று ஒரு சொல்

சில சொற்கள் சில்லறைக் காசு மாதிரி. கை மாறிக் கை மாறி முகப்பு தேய்ந்துபோன பிறகும் செலாவணி ஆகிக்கொண்டே இருக்கும். எந்த ராஜாவின் தலை அதில் இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. 'மாயை' அப்படிப்பட்ட ஒரு சொல். கடன் வாங்கியவன் அதைச் சொல்கிறான். கடன் கொடுத்து இழந்தவனும் சொல்கிறான். துக்க வீட்டுத் திண்ணையில் அது கட்டாயம் ஒரு முறையாவது கேட்கும். நானும் அதைத் தாராளமாகச் செலவழித்து வந்தவன்தான். வாசுதேவநல்லூரில் ஒரு கிழவி அந்தக் காசைத் திருப்பி என் கையிலேயே வைத்து, "இது செல்லாது" என்று சொல்லும் வரையில்.

சங்கரன்கோவில் பக்கத்திலுள்ள அந்த ஊருக்கு ஒரு நண்பரின் அழைப்பின்பேரில் போயிருந்தேன். மேற்கே மலை, மலைக்கும் ஊருக்கும் இடையில் வயல். அங்கே சிந்தாமணிநாதர் கோயில் விசேஷமானது. மூலஸ்தானத்தில் இருப்பவர் அர்த்தநாரீசுவரர். வலப்பாதி ஈசன், இடப்பாதி அம்மை. ஊரின் பெயரோ வாசுதேவன் பெயர். பெருமாள் பெயரைச் சொல்லி ஊருக்குள் நுழைந்து, சிவனைக் கும்பிடப் போனால், அங்கே பாதி அம்மன்! கோயில் மரம் புளியமரம். தெலுங்கில் புளிக்குச் 'சிந்த' என்று பெயர் என்பதை நினைத்துக்கொண்டால், சிந்தாமணி என்ற பெயருக்கும் அந்த மரத்துக்கும் உறவு சொல்லத் தோன்றும்.

புளியமரத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பழைய உவமை நினைவுக்கு வந்தது. ஓட்டுக்குள்ளே இருந்தும் ஓட்டில் ஒட்டாத புளியம்பழம் போல ஞானி உலகத்தில் இருக்கிறான் என்பார்கள். அந்த வேதாந்த நினைப்போடுதான் நண்பர் வீட்டுக்குத் திரும்பினேன். அது எனக்கு நல்லதாக முடியவில்லை.

நண்பர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் ஆச்சி. அவளுடைய ஒரே மகன் பல வருஷங்களுக்கு முன்னால், பத்தொன்பது வயதில், லாரியில் வேலைக்கென்று ஏறிப் போனவன் திரும்பி வரவே இல்லை. தேடாத இடம் இல்லை. பத்திரிகையில் 'வாலிபர் மாயம்' என்று நாலு வரி வந்ததாம். அந்தத் துண்டை எடுத்துவந்து எனக்குக் காட்டினாள். மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. நான் கதை எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகைக்காரன் என்று அவள் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது நம்மவர்கள் சொல்வதை நானும் சொன்னேன்.

"என்ன செய்ய ஆச்சி, எல்லாம் மாயை."

ஆச்சி அந்தக் காகிதத்தை மடித்தாள்.

"ஐயா, மாயம்னா மறச்சது திரும்பி வரணும்லா? கோயில் கொடையில வித்தைக்காரன் காச மறச்சிட்டு, பொறவு எடுத்துக் காட்டுதான். எம் பிள்ளைய யாரு மறச்சு வச்சிருக்கான்னு சொல்லுங்க, நான் காத்துக் கிடக்கேன். அவன் பொறந்ததே பொய்யின்னு சொல்லுதீகளா? அப்பம் இந்த வயித்துல பத்து மாசம் கெடந்தது என்னது?"

கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஊர் திரும்பியதும் அகராதிகளையும் நூல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பண்டிதன் அல்லன். ஆனாலும் சொல்லை வைத்துப் பிழைக்கிறவனுக்குத் தான் விற்கிற சரக்கு என்னவென்று தெரிந்திருக்க வேண்டாமா?

முதலில் தமிழ். 'மாய்' என்று ஒரு வினை நம்மிடம் இருக்கிறது. மாய்ந்தான், மாய்த்துக்கொண்டான் என்கிறோம். அழிதல், மறைதல், இறத்தல் என்பவை அதன் பொருள்கள். பரோ, எமனோ என்ற இரண்டு அறிஞர்கள் 1961-ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இந்த வினை திராவிடச் சொல்லாகவே இடம் பெற்றிருக்கிறது. 'மாயம்' என்ற பெயர்ச்சொல் வேறு தினுசு. வஞ்சனை, பொய், வித்தை, ஆச்சரியம் என்று அது பல வேஷம் போடும். வள்ளுவர் அதை வஞ்சனை என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். பொருட்பாலில் விலைமகளிரைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சொல் கடுமையாக விழுகிறது. அதே வள்ளுவர் காமத்துப்பாலுக்கு வந்ததும், ஒரு பெண் தன் காதலனைப் பல மாயங்கள் தெரிந்த கள்வன் என்று சொல்வதாக எழுதுகிறார். அங்கே அதே வஞ்சனை இனிக்கிறது. அவனுடைய பணிவான பேச்சுத்தான் என் உறுதியை உடைக்கும் ஆயுதம் என்று அவள் ஒப்புக்கொள்கிறாள். ஏமாற்று என்று தெரிந்தே ஏமாறுகிறவளுடைய மாயம் அது.

பத்திரிகைகளின் மாயம் இன்னொரு வகை. 'நகை மாயம்', 'மீனவர் மாயம்', 'மாணவி மாயம்' என்று தலைப்புப் போடுகிறார்கள். இதில் பொய் என்ற வாசனையே கிடையாது. நகை இருந்தது, இப்போது கண்ணில் படவில்லை, எங்கேயோ இருக்கிறது. அவ்வளவுதான். நகையைப் பறிகொடுத்தவளிடம் போய், "அம்மா, நகை என்பதே பொய்த்தோற்றம்" என்று சொல்லிப் பாருங்கள். ஆச்சி பத்திரிகையின் தமிழைச் சரியாகப் படித்திருந்தாள். நான்தான் தவறாகப் படித்தேன்.

மூன்றாவதாக மாயோன் இருக்கிறான். 'மா' என்றால் கருமை. கார்மேகம் போன்ற நிறத்தவன் மாயோன். காட்டு நிலத்துக்கு, அதாவது முல்லைக்கு, அவனே தெய்வம் என்று தொல்காப்பியம் சொல்கிறது. இந்தக் கருமை மாயத்தோடு பின்னாளில் வித்தை மாயமும் வந்து கலந்துகொண்டது. ஆழ்வார்கள் 'மாயன்' என்று கூப்பிடும்போது கரிய நிறத்தைச் சொல்கிறார்களா, வெண்ணெய் திருடிவிட்டு விழிக்கிற குறும்பைச் சொல்கிறார்களா, உலகத்தை உண்டு உமிழ்கிற ஆச்சரியத்தைச் சொல்கிறார்களா என்று பிரிக்க முடியாது. மூன்றும் சேர்ந்துதான் அந்தச் சொல் தித்திக்கிறது. வாசுதேவநல்லூரிலிருந்து சிவகிரி, ராஜபாளையம் வழியாக வடக்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊர்ப் பெண் தன் திருப்பாவையின் ஐந்தாம் பாட்டை மாயனைச் சொல்லித்தான் தொடங்குகிறாள். அங்கே அந்தச் சொல்லைப் 'பொய்யன்' என்று யாராவது உரை எழுதினால் மார்கழிக் குளிரிலும் நமக்கு வேர்த்துவிடும்.

இனி வடமொழி. ரிக் வேதத்தில் மாயா என்றால் பொய்யே அல்ல. அது ஒரு சாமர்த்தியம், அபூர்வமான ஆற்றல். வருணனுக்கு அது உண்டு, அசுரர்களுக்கும் உண்டு, இந்திரன் தன் மாயைகளால் பல வடிவம் எடுத்துத் திரிகிறான். 'மா' என்ற வேருக்கு வடமொழியில் அளத்தல் என்று பொருள். அளந்து உருவாக்குகிற திறமைதான் மாயா என்று அந்த வழியே பொருள் சொல்கிறவர்கள் உண்டு. அசுரத் தச்சன் மயனுடைய கதையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பாண்டவர்களுக்கு அவன் கட்டிக் கொடுத்த மண்டபத்தில் துரியோதனன் தரையைத் தண்ணீர் என்று எண்ணி ஆடையைத் தூக்கிக்கொண்டான். தண்ணீரைத் தரை என்று எண்ணி விழுந்தான். மண்டபம் பொய்யில்லை. துரியோதனன் பார்வைதான் பிசகியது. அந்தப் பிசகிலிருந்து ஒரு குருக்ஷேத்திரம் வளர்ந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஓசை ஒன்றாக இருந்தால் உறவு ஒன்றாகிவிடாது. மத்திய அமெரிக்காவில் பெரிய கோபுரங்கள் கட்டி, நுட்பமான பஞ்சாங்கம் வைத்திருந்த ஜனங்களுக்கு மாயா என்று பெயர். உடனே, "நம் மயன் அங்கே போய்விட்டான்" என்று கப்பல் ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரோமாபுரியில் மாயா என்று ஒரு தேவதை உண்டு. புத்தருடைய தாய் பெயரும் மாயா. இத்தனை பேரையும் ஒரே குடும்ப அட்டையில் எழுதினால் ரேஷன் கடைக்காரர்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். தமிழ் 'மாய்'தான் வடக்கே போய் மாயா ஆயிற்று என்று சிலரும், வடமொழி மாயாதான் தெற்கே வந்து மாயம் ஆயிற்று என்று சிலரும் வழக்காடுகிறார்கள். இரண்டு ஆறுகள் ஒரு வாய்க்காலில் கலந்துவிட்டன என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கலந்த தண்ணீரில் எந்தக் குடம் எந்த ஆற்றுடையது என்று கேட்டுப் பயனில்லை.

பிறகு எப்போது இந்தச் சொல்லுக்குப் 'பொய்' என்ற முத்திரை விழுந்தது? எல்லோரும் சங்கரரைக் கை காட்டுவார்கள். ஆனால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். சுவேதாசுவதர உபநிஷதம் இயற்கையை மாயை என்றும், ஈசுவரனை அந்த மாயையை உடையவன் என்றும் சொல்லுகிறது. பிரம்மசூத்திரத்தில் மாயா என்ற சொல் வருவதே ஒரே ஓர் இடத்தில்தான். அதுவும் கனவைப் பற்றிப் பேசும்போது. சங்கரர் விழிப்பு வேறு, கனவு வேறு என்று தம்முடைய பாஷ்யத்திலேயே வற்புறுத்துகிறார். கயிற்றைப் பாம்பென்று கண்டு பயந்தவனுக்குப் பயம் வந்தது மெய், வேர்த்தது மெய். விளக்கைக் கொண்டுவந்து காட்டுகிற வரையில் அவனுக்கு அது பாம்புதான். உள்ளது என்றும் சொல்ல முடியாமல், இல்லது என்றும் சொல்ல முடியாமல் நிற்கிற ஒன்றைத்தான் அத்வைதிகள் மாயை என்றார்கள். முழுப் பொய்க்கு, அதாவது முயல்கொம்புக்கு, அவர்கள் அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. இதை எதிர்த்து எழுந்த ஸ்ரீபெரும்புதூர்க்காரர் ராமாநுஜர், மாயை என்றால் விசித்திரமான படைப்பு ஆற்றல் என்றே பொருள் சொன்னார். உலகம் மெய், அதைப் படைத்தவனும் மெய், படைத்த விதம் மட்டும் ஆச்சரியம் என்பது அவர் கட்சி.

நம் சைவ சித்தாந்திகள் வழி இன்னும் வேறு. அவர்களுக்கு மாயை ஒரு பொருள், உலகத்துக்கு முதற்காரணம். குடத்துக்கு மண் போல. ஒடுங்குவதும் தோன்றுவதும் அதற்கு இயல்பு. ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று மலம் உண்டு. ஆனால் உயிரை இருட்டில் வைத்திருப்பது ஆணவம். மாயை செய்வது வேறு வேலை. வண்ணான் துணியின் அழுக்கைப் போக்கச் சாணியையும் உவர் மண்ணையும் பூசுகிறான். பூசியதும் அழுக்குத்தான். ஆனால் அந்த அழுக்கு முதல் அழுக்கையும் கொண்டுபோய்விடுகிறது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவம் சொல்லும் உவமை இது. உமாபதி சிவம் திருவருட்பயனில் இன்னும் அழகாக ஒன்று சொல்கிறார். விடிகிற வரைக்கும் வைத்திருக்கிற விளக்குப் போன்றது மாயை என்கிறார். சூரியன் வந்த பிறகு அகல்விளக்குக்கு வேலை இல்லை. அதற்காக நடுராத்திரியில் அதை ஊதி அணைப்பவன் ஞானி ஆகமாட்டான். இடறி விழுவான்.

இந்த உவமையைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்தேன். இருட்டு என்று நான் நினைத்திருந்த ஒன்றை, விளக்கு என்று ஒரு தமிழர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாதவச் சிவஞான முனிவர் அதே திருநெல்வேலிச் சீமையில், விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதியவர். அந்த மண்ணிலே நின்றுகொண்டுதான் நான் ஒரு தாயைப் பார்த்து "எல்லாம் மாயை" என்று உளறினேன்.

கதைக்காரர்கள் இந்தச் சொல்லை என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்கு இன்னும் நெருங்கிய காரியம். கம்பனை எடுத்துக்கொள்ளுங்கள். மாயமான் கதை எல்லோருக்கும் தெரியும். மான் பொய், அதனால் வந்த பிரிவு பொய்யில்லை. யுத்த காண்டத்தில் மாயாசனகப் படலம் என்று ஒன்று இருக்கிறது. வான்மீகத்தில் இல்லாதது. மருத்தன் என்ற அரக்கன் ஜனகனாக வேஷம் போட்டு, கட்டுண்டவனாகச் சீதை முன்னால் நிறுத்தப்படுகிறான். தந்தையின் வாயாலேயே, "இராவணனுக்கு இணங்கிவிடு" என்று சொல்ல வைக்கிறார்கள். சீதை துடித்துப் போகிறாள், ஆனால் அசையவில்லை. அப்படிப் பேசுகிறவன் தந்தையே அல்லன் என்று சீறுகிறாள். அப்பா பொய், பட்ட வேதனை மெய், காட்டிய உறுதி மெய். ஒரு பொய் உருவத்தை நிறுத்தி ஒரு மெய்யான மனசைக் காட்டுகிற வித்தை அது. நாவல் எழுதுகிறவன் தினமும் செய்ய முயல்வதும் இதைத்தான். என் பாத்திரங்களுக்கு வீடும் கிடையாது, வாசலும் கிடையாது. அவர்களுக்காக வாசகி விடுகிற கண்ணீரில் உப்பு இருக்கிறது.

எட்டயபுரத்துப் பாரதி மாயையைப் பழித்தே ஒரு பாட்டுப் பாடினார். உலகத்தைப் பார்த்து நேரே கேள்வி கேட்டு இன்னொரு பாட்டும் பாடினார். அதில் அவர் காட்சிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, நீங்களெல்லாம் வெறும் தோற்றந்தானா என்று விசாரிக்கிறார். விசாரிக்கிற குரலில் அத்தனை ஆசை. வானத்தையும் மரத்தையும் வெயிலையும் விட்டுக்கொடுக்க மனசில்லாத ஒரு மனிதரின் குறுக்கு விசாரணை அது. புதுமைப்பித்தன் ஒரு கதைக்குக் 'கயிற்றரவு' என்றே தலைப்பு வைத்தார். வேதாந்தத்தின் உதாரணத்தை எடுத்துக் கதையின் வாசலில் கட்டிவிட்டு, "உள்ளே வந்து பார், கயிறா பாம்பா?" என்று நம்மையே தள்ளிவிடுகிற துணிச்சல் அவருக்கு உண்டு. இவர்கள் யாரும் மாயையைப் பதிலாகக் கொடுக்கவில்லை. கேள்வியாகக் கொடுத்தார்கள்.

பின்னால் வந்த நாங்கள் என்ன செய்தோம்? கதை நகர மறுத்தால் கதாநாயகனை ஆற்றங்கரைக்கு அனுப்புவோம். சூரியன் அஸ்தமிக்கும். அவன் பெருமூச்சு விட்டு, "எல்லாம் மாயை!" என்பான். முற்றும். அந்தப் பெண் என்ன ஆனாள், அந்தக் கடனை யார் அடைத்தார்கள், தப்புச் செய்தவன் யார் என்ற கேள்விகளையெல்லாம் அந்த ஒரு சொல் ஜமக்காளத்துக்கு அடியில் தள்ளி மூடிவிடும். பிறரைச் சொல்வானேன்? என்னுடைய ஆரம்பக் காலக் கதை ஒன்றும் அப்படித்தான் முடிகிறது. புருஷன் சொத்தைத் தொலைத்துவிட்டுத் தாடி வளர்த்துக்கொண்டு மாயையைப் பற்றிப் பேசுகிறான். மனைவி அடுப்பு மூட்டுகிறாள். கதையை எழுதியபோது நான் தாடியின் பக்கம் இருந்தேன். இப்போது படித்தால் அடுப்பின் பக்கம் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் அதை நான் எழுதவில்லை. அந்தச் சொல் என்னை எழுதவிடவில்லை.

மாயை என்ற சொல்லைச் சோம்பேறி கையில் கொடுத்தால் அது ஒரு திரை. கவி கையில் கொடுத்தால் ஒரு விளக்கு. இது என் அபிப்பிராயம். துன்பப்படுகிறவன் தன்னைத்தானே தேற்றிக்கொள்ள அந்தச் சொல்லைச் சொன்னால் அதற்கு ஒரு கௌரவம் உண்டு. துன்பத்தை எதிரில் நின்று பார்க்கிறவன் அதைச் சொல்ல உரிமை இல்லாதவன்.

ஜனங்கள் இந்தச் சொல்லை எப்படி ஆளுகிறார்கள் என்பதற்கு அதே பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். வாசுதேவநல்லூர்க் கோட்டையும் பக்கத்து நெற்கட்டுஞ்செவ்வலும் பூலித்தேவருடையவை. 1761-ல் யூசுப்கான் படையிடம் அந்தக் கோட்டைகள் விழுந்தன. அதற்குப் பிறகு பூலித்தேவர் என்ன ஆனார் என்பதில் சரித்திரக்காரர்கள் ஒருமித்துப் பேசவில்லை. ஜனங்களுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. பிடிபட்டுப் போகிற வழியில் சங்கரன்கோவிலில் சுவாமி கும்பிட வேண்டும் என்று கேட்டாராம்; உள்ளே போனாராம்; விலங்கு தெறித்ததாம்; சோதியில் கலந்து மறைந்தாராம். அவர் மறைந்த இடம் என்று கோயிலில் காட்டவும் செய்கிறார்கள். இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். நான் ஒதுக்க மாட்டேன். 'தோற்றார், செத்தார்' என்று எழுத மனசு வராத ஜனங்கள், 'மாயமானார்' என்று ஓர் ஏட்டை முடிக்காமல் திறந்து வைத்திருக்கிறார்கள். அவர் இல்லை என்பது அதற்கு அர்த்தமில்லை. நம் கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவே.

ஆச்சி சொன்ன மாயமும் இதே மாயந்தான். சங்கரரும் ராமாநுஜரும் உமாபதி சிவமும் ஒரு பக்கம் இருக்கட்டும். கோயில் கொடையில் காசு மறைத்த வித்தைக்காரனை வைத்தே அவள் அந்தச் சொல்லின் பழைய அர்த்தத்தைக் காப்பாற்றிவிட்டாள்.

அடுத்த வருஷம் மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். பொழுது சாய்ந்த நேரம். ஆச்சி வாசல் மாடத்தில் ஒரு சின்ன அகலை ஏற்றி வைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் மின்சார விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

"விடிய விடிய எரியுமா, ஆச்சி?" என்று கேட்டேன்.

"எண்ணெய் ஊத்தினா எரியும்" என்றாள்.

மகனைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அவன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எட்டு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டியவன், பத்து மணி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை நாக்கு நுனி வரைக்கும் அந்தச் சொல் வந்தது. விழுங்கிவிட்டேன்.